முதல் முறை லிஸ்பன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போர்ச்சுகலின் தலைநகரான லிஸ்பனுக்கு நான் மூன்று முறை போய் வந்தவன் என்பது எப்படியோ பரவிவிட்டது. விசா கையில் வந்த உறவினர்கள், அவர்களுடைய நண்பர்கள், அந்த நண்பர்களின் மாமியார் வரைக்கும் கேள்விகள் அனுப்புகிறார்கள். எல்லாருக்கும் ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப எழுதிக் கை சலித்துவிட்டதால், மொத்தமாக இங்கே எழுதி வைக்கிறேன்.

பாரிஸ், ரோம் எல்லாம் இருக்க, லிஸ்பன் எதற்கு?

மிளகுக்காக. விளையாட்டாகச் சொல்லவில்லை. 1497இல் வாஸ்கோ ட காமாவின் கப்பல்கள் இந்த ஊரின் பெலேம் கரையிலிருந்துதான் புறப்பட்டன. மறு ஆண்டு மே மாதம் கோழிக்கோடு வந்து சேர்ந்தன. அவர் திரும்பி வந்த சில ஆண்டுகளுக்குள், 1501இல், அதே கரையில் ஜெரோனிமோஸ் மடாலயத்தைக் கட்டத் தொடங்கினார்கள். அதற்கான பணத்தில் பெரும் பங்கு, கிழக்கிலிருந்து வந்த வாசனைப் பொருள்கள் மேல் விதித்த இருபதில் ஒரு பங்கு வரி. நம் வீட்டு அஞ்சறைப் பெட்டிக்கும் அந்தச் சுண்ணாம்புக்கல் தூண்களுக்கும் இடையே ஐந்நூறு ஆண்டுக் கணக்கு வழக்கு இருக்கிறது. ஐரோப்பாவின் மற்ற நகரங்களில் நாம் வெறும் விருந்தாளிகள். இங்கே கொஞ்சம் நமக்குக் கடன்பட்டவரைப் பார்க்கப் போவது போல நிமிர்ந்து நடக்கலாம்.

எத்தனை நாள் வேண்டும்?

நான்கு. மூன்று நாள் ஊருக்கு, ஒரு நாள் பக்கத்து மலையூரான சின்ட்ராவுக்கு. இரண்டே நாள்தான் இருக்கிறது என்றால் சின்ட்ராவை மறந்துவிடுங்கள். லிஸ்பன் நடுவில் இருக்கும் ரோசியு நிலையத்திலிருந்து ரயிலில் 40 நிமிடம்தான். ஆனால் அங்கே போய்ப் பேனா அரண்மனைக்கு மலையேறி இறங்கி வர ஒரு முழு நாள் போய்விடும். அரண்மனைக்குள் நுழைய நேரம் குறித்த டிக்கெட்டை முன்கூட்டியே எடுக்க வேண்டும்.

எந்த மாதம் நல்லது?

ஏப்ரல், மே, செப்டம்பர் பிற்பகுதி, அக்டோபர். ஜூலையிலும் ஆகஸ்டிலும் வெயில் நமக்குப் பழக்கமானதுதான், கூட்டம்தான் தாங்காது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை மழை வரும். பனி கொட்டும் ஐரோப்பாவை எதிர்பார்த்துத் தடித்த கோட்டுகளைச் சுமந்து போகாதீர்கள்.

விசா, விமானம்?

இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. விண்ணப்பத்தை வாங்கும் நிலையத்தின் சேவைக் கட்டணம் தனி. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். சென்னையிலிருந்து நேரடி விமானம் கிடையாது. துபாய் வழியாகவோ பிராங்பர்ட் போன்ற ஐரோப்பிய நகரம் வழியாகவோ போக வேண்டும். எல்லையில் இப்போது கைரேகையும் புகைப்படமும் எடுக்கிறார்கள். அதனால் வந்து இறங்கிய மாலையே ஏதாவது டிக்கெட் எடுத்து வைத்து, வரிசையில் நின்றபடி பதைக்காதீர்கள்.

விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் எப்படிப் போவது?

மெட்ரோவில். நிலையத்தின் வாசலிலேயே சிவப்புப் பாதை தொடங்குகிறது. அலமேடாவில் பச்சைப் பாதைக்கு மாறினால் ஊரின் நடுப்பகுதிகளான ரோசியு, பைஷா எல்லாம் வந்துவிடும். இயந்திரத்தில் நவெகாண்டே என்ற அட்டையை அரை யூரோவுக்கு வாங்கிப் பணம் ஏற்றிக்கொள்ளுங்கள். பஸ், டிராம், படகு, உள்ளூர் ரயில் எல்லாவற்றுக்கும் அதுவே செல்லும். ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும். ஒன்றைக் காட்டி இருவர் போக முடியாது. டிராமில் ஏறி ஓட்டுநரிடம் டிக்கெட் வாங்கினால் 3 யூரோவுக்கு மேல் ஆகும்.

எங்கே தங்கலாம்?

படங்களைப் பார்த்து எல்லாரும் பழைய குன்றுப் பகுதியான அல்ஃபாமாவில் தங்கத்தான் ஆசைப்படுகிறார்கள். ஒரு காலத்தில் இங்கே ஆண்ட முஸ்லிம்களான மூர்களின் காலத்துச் சந்துகள், ஜன்னலுக்கு ஜன்னல் உலரும் துணி, எல்லாம் அழகுதான். ஆனால் அந்தச் சந்துகளில் கார் நுழையாது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு படி ஏற வேண்டும். வீட்டுக்குள் போனால் மறுபடியும் படி. முதல் முறை போகிறவர்கள் சமதரையில் இருக்கும் பைஷாவிலோ ரோசியுவை ஒட்டியோ தங்குவது நல்லது. பதிவு செய்யும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: லிஃப்ட் இருக்கிறதா? நகராட்சியின் சுற்றுலா வரி ஆளுக்கு, இரவுக்கு 4 யூரோ, ஏழு இரவு வரை. அறை வாடகைக்கு மேல் அதைத் தனியாகக் கேட்டால் ஏமாற்றுகிறார்கள் என்று சண்டைக்குப் போகாதீர்கள்.

வயதான அம்மா, அப்பாவை அழைத்துப் போகலாமா? ஒரே மேடும் பள்ளமும் என்கிறார்களே?

போகலாம். ஆனால் திட்டத்தை அவர்கள் முழங்காலைக் கேட்டுப் போடுங்கள், உங்கள் ஆசையைக் கேட்டு அல்ல.

ஏழு குன்றுகளின் நகரம் என்று லிஸ்பனைச் சொல்வார்கள். மேட்டைவிடத் தரைதான் எதிரி. நடைபாதை முழுவதும் உள்ளங்கை அளவு வெள்ளைச் சுண்ணாம்புக் கற்களைக் கையால் பதித்திருக்கிறார்கள்; இடையிடையே கறுப்புக் கற்களால் அலை, நட்சத்திரம், கப்பல் என்று கோலம். இத்தனை காலம் எத்தனையோ கால்கள் நடந்து அந்தக் கற்கள் வழவழவென்று ஆகிவிட்டன. முதல் பயணத்தில் ஒரு தூறல் நின்ற காலையில், தேய்ந்த செருப்போடு நான் மேட்டுப் பகுதியான ஷியாடுவிலிருந்து இறங்கினேன். எண்ணெய் தடவிய குத்துவிளக்கை மிதித்தது போல இருந்தது. அடுத்த நொடி உட்கார்ந்திருந்தேன். எதிரே வந்த பாட்டி ஒருவர் நின்று, என்னைப் பார்க்காமல் என் செருப்பைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனார். ரப்பர் அடி உள்ள ஷூ வாங்குங்கள். கேமரா வாங்குவதற்கு முன் அதை வாங்குங்கள்.

குன்றின் மேல் இருக்கும் சாவ் ஜார்ஜ் கோட்டைக்கு ஏற ஒரு வழி இருக்கிறது; பலருக்குத் தெரிவதில்லை. பைஷாவில் ஃபான்கெய்ரோஸ் தெருவில் ஒரு சாதாரணக் கட்டடத்துக்குள் நகராட்சியின் இலவச லிஃப்ட் உண்டு. அதில் மேலே போய், மதலேனா தெருவைக் கடந்து சில அடி நடந்தால் இரண்டாவது லிஃப்ட். பாதி மலை முடிந்துவிடும். மீதியை மெதுவாக நடக்கலாம்.

சரிவுகளில் ஏற்றிச் செல்லும் பழைய இழுவை வண்டிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2025 செப்டம்பர் 3ஆம் தேதி குளோரியா சரிவில் ஓடிய வண்டி தடம் புரண்டு 16 பேர் இறந்துபோனார்கள். அதன் பிறகு மற்றவற்றையும் நிறுத்திச் சோதித்தார்கள். நீங்கள் போகும்போது எது ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டு திட்டம் போடுங்கள்.

மஞ்சள் டிராம் 28இல் கட்டாயம் போக வேண்டுமா?

போக வேண்டும், ஆனால் காலை எட்டு மணிக்கு முன். மார்த்திம் மொனீஸ் சதுக்கத்தில் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். பத்து மணிக்குப் போனால் ஒரு மணி நேரம் வரிசை, பிறகு யாரோ ஒருவருடைய அக்குள் தவிர வேறெதுவும் தெரியாத பயணம். அதிகாலையில் அது வேறு வண்டி. மரச் சட்டம் போட்ட ஜன்னல், பித்தளைப் பிடிகள், வளைவுகளில் கீச்சென்று அலறும் சக்கரம். அல்ஃபாமாவில் ஓரிடத்தில் சுவர் அவ்வளவு அருகில் வரும். கையை வெளியே நீட்டாதீர்கள். கூட்டம் கண்டு மனம் உடைந்தால் பிகெய்ரா சதுக்கத்திலிருந்து கிளம்பும் 12ஆம் எண்ணில் ஏறுங்கள். அதே மாதிரி வண்டி, சிறிய சுற்று.

பெலேமை எப்படிப் பார்ப்பது?

திங்கட்கிழமை போகாதீர்கள், மடாலயம் விடுமுறை. 15ஆம் எண் டிராம் பிதுங்கும். காயிஸ் து சொட்ரே நிலையத்திலிருந்து உள்ளூர் ரயிலில் போனால் பத்து நிமிடம்கூட ஆகாது.

மடாலயத் தேவாலயத்துக்குள் நுழைந்ததும் இரு பக்கமும் இரு கல்லறைகள்: ஒன்று வாஸ்கோ ட காமா, மற்றொன்று கவிஞர் கமோயிஷ். காமா 1524இல் கொச்சியில் இறந்தவர். அவருடைய எச்சங்களை ஊருக்குக் கொண்டுவந்து, 1880இல்தான் இங்கே வைத்தார்கள். எல்லாரும் அங்கே படமெடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் பீடம் வரை நடந்து போங்கள். மனுவேல் மன்னரும் அவர் குடும்பமும் உறங்கும் கல்பெட்டிகளைத் தாங்கி நிற்பவை யானைகள். ஆளில்லாத மூலையில், மங்கிய வெளிச்சத்தில், ஒரு போர்ச்சுகீசிய மன்னரை முதுகில் சுமக்கும் பளிங்கு யானையைப் பார்ப்பது எனக்கு விசித்திரமாக இருந்தது. தூண்களையும் கவனியுங்கள்: கயிறு, பவளம், கப்பல் முடிச்சு என்று கல்லே கடலாகி நிற்கும்.

அடுத்து, ஆற்றங்கரையில் பெலேம் கோபுரம். உள்ளே போகும் வரிசை நீளம், படிகள் குறுகல். வெளியே நின்று காவல் கூண்டுகளின் அடிப்பகுதியைப் பாருங்கள். ஒன்றில் தேய்ந்துபோன ஒரு மிருகத் தலை துருத்திக்கொண்டிருக்கும். அது காண்டாமிருகம். குஜராத் சுல்தான் போர்ச்சுகீசிய ஆளுநர் அல்புகெர்க்குக்குக் கொடுத்து, அவர் மன்னருக்கு அனுப்பி, 1515 மே மாதம் இங்கே வந்து இறங்கிய காண்டாமிருகம். ஐரோப்பா ரோமானியர் காலத்துக்குப் பிறகு அப்படியொரு மிருகத்தைக் கண்டதில்லை. மன்னர் அதை ஒரு யானையோடு மோத விட்டார்; யானை ஓடிப்போனது. பிறகு அதைப் போப்பாண்டவருக்குப் பரிசாக அனுப்பினார். வழியில் இத்தாலியக் கடலோரம் கப்பல் மூழ்கியது. சங்கிலியில் கட்டியிருந்ததால் அதனால் நீந்த முடியவில்லை என்பார்கள். அந்த மிருகத்தைக் கண்ணால் பார்க்காமலேயே ஜெர்மானிய ஓவியர் டியூரர் வரைந்த படம்தான் பல தலைமுறைகளுக்கு ஐரோப்பியர் அறிந்த காண்டாமிருகம். கோபுரத்தில் இருப்பதோ மழையும் காற்றும் தின்ற மூக்கு.

முட்டைப்பால் நிரப்பிய சிறிய அப்பமான பஷ்டெல் டி நாட்டாவை 1837 முதல் இங்கே ஒரு கடையில் சுடுகிறார்கள். மடாலயங்களை அரசு மூடியபோது துறவிகளின் செய்முறை கடைக்கு வந்தது என்பது கதை. வாசலில் தெரியும் நீள வரிசை பார்சலுக்கு. உள்ளே நீலச் சில்லு ஓடுகள் பதித்த அறை அறையாக நூற்றுக்கணக்கான இருக்கைகள் உண்டு, போய் உட்காருங்கள். மேசையில் பட்டைத்தூள் டப்பா இருக்கும். கூச்சப்படாமல் தூவுங்கள். அந்தப் பட்டைக்காகத்தானே இலங்கைக் கரையை ஒன்றரை நூற்றாண்டு விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

1755 நிலநடுக்கத்தின் தடயங்கள் இன்னும் இருக்கின்றனவா?

ஊரின் நடுப்பகுதியே அதன் தடயம்தான். 1755 நவம்பர் 1, அனைத்துப் புனிதர் திருநாள் காலை. தேவாலயங்கள் நிரம்பி வழிந்தன, மெழுகுவர்த்திகள் எரிந்தன. நிலம் நடுங்கியது, ஆற்றங்கரைக்கு ஓடியவர்கள் மேல் கடல் ஏறி வந்தது, மீந்ததைத் தீ பல நாள் தின்றது. கடல் பின்வாங்கிப் பிறகு சுவராகத் திரும்பி வருவது என்னவென்று 2004 டிசம்பருக்குப் பிறகு நாகப்பட்டினத்துக்காரர்களுக்கும் மட்டக்களப்புக்காரர்களுக்கும் யாரும் விளக்க வேண்டியதில்லை.

அமைச்சர் பொம்பால் தாழ்ந்த பகுதியான பைஷாவை அளவுகோல் வைத்து மறுபடி கட்டினார். சுவருக்குள் மரச்சட்டக் கூண்டு வைத்து, நிலம் ஆடினால் கட்டடமும் சேர்ந்து ஆடும்படி செய்தார்கள். மாதிரியைச் சுற்றிப் படைவீரர்களைக் குதித்து நடக்கவிட்டுச் சோதித்தார்கள் என்று சொல்வதுண்டு. மேலே கார்மு மடத்தை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள்: கூரையில்லாத வளைவுகள், வளைவுகளுக்கு மேல் வெறும் நீலம். ஞாயிறு விடுமுறை. அதே சதுக்கத்தில்தான் 1974 ஏப்ரல் 25 அன்று பழைய சர்வாதிகார ஆட்சி சரணடைந்தது. வீரர்களின் துப்பாக்கி முனைகளில் அன்றைக்குச் செருகியவை சிவப்புக் கார்னேஷன் பூக்கள்.

நிலநடுக்கத்துக்கு முந்தைய ஊர் எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டுமா? சாந்தா லூசியா காட்சிமேடைக்குப் போய், எல்லாரும் ஆற்றைப் பார்க்கும்போது நீங்கள் திரும்பித் தேவாலயச் சுவரைப் பாருங்கள். அழிந்துபோன அரண்மனைச் சதுக்கம் நீல ஓடுகளில் இருக்கிறது.

எனக்கு மிகவும் நெருக்கமான இடம் ரோசியு அருகில் இருக்கும் சாவ் டொமிங்கோஸ் தேவாலயம். நிலநடுக்கத்தில் இடிந்து, எழுந்து, 1959இல் தீப்பிடித்தது. பழுதுபார்த்தபோது சுவர்களைப் பூசி மறைக்கவில்லை. தூண்கள் வெந்து, வெடித்து, பொரிந்து நிற்கின்றன. கையை வைத்தால் வேகாத செங்கல்லின் சொரசொரப்பு. வெளியே சதுக்கத்தில் 1506இல் இங்கே கொல்லப்பட்ட யூதர்களுக்கான நினைவுக்கல். அங்கே பேசாமல் பத்து நிமிடம் உட்காருங்கள். டிக்கெட் எதுவும் இல்லை.

ஆங்கிலம் போதுமா?

போதும். ஆனால் உங்களுக்கு ஏற்கெனவே கொஞ்சம் போர்ச்சுகீசியம் தெரியும் என்பதுதான் வேடிக்கை. அறையில் அவர்கள் 'மேசா' என்பது மேசை, 'ஜனேலா' ஜன்னல், 'அர்மாரியு' அலமாரி, 'ஷாவ்' சாவி, 'துவால்யா' துவாலை. அடுப்படி 'குசீன்யா', யாழ்ப்பாணத்துக் குசினி. பைஷாவில் செருப்புத் தைப்பவர்களின் பழைய தெருவுக்குப் பெயர் சப்பாத்தெய்ரோஸ். இலங்கைத் தமிழர்கள் சப்பாத்து என்று இன்றும் சொல்கிறார்களே, அதே சொல். வரவேற்பறையில் துவாலையும் சாவியும் கேட்டு வாங்கியபோது எனக்கு ஊரில் இருப்பது போலவே இருந்தது. நன்றி சொல்ல, ஆண்கள் 'ஓப்ரிகாது', பெண்கள் 'ஓப்ரிகாதா'.

சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள் என்ன செய்வது?

மரபான உணவகங்களில் கஷ்டம்தான். உப்புக் கருவாட்டு மீனுக்கு இங்கே ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சமையல் உண்டு என்று பெருமை பேசுவார்கள். பச்சைக் கீரை சூப்பிலும் ஒரு வில்லை பன்றிக்கறித் தொத்திறைச்சி மிதக்கும். 'செங் கார்னெ, செங் பைஷ்' என்று சொல்லுங்கள்: கறி வேண்டாம், மீன் வேண்டாம். கடைகளில் 'ஷமூசா' என்று நம் சமோசா கண்ணில் படும். பாய்ந்து வாங்காதீர்கள், உள்ளே பெரும்பாலும் இறைச்சி. மார்த்திம் மொனீஸ் பக்கம் தெற்காசியக் கடைகள் நிறைய. அரிசி, பருப்பு, பச்சை மிளகாய் எல்லாம் கிடைக்கும். லூமியார் பகுதியில் மொசாம்பிக்கிலிருந்து வந்த குஜராத்திகள் கட்டிய ராதா கிருஷ்ணர் கோயிலை ஒட்டி ஒரு சைவ உணவகம் இருக்கிறது. ஃபில்டர் காபி ஏக்கம் வந்தால் 'கலாவ்' கேளுங்கள். கண்ணாடி டம்ளரில் பாலோடு வரும்.

ஓர் எச்சரிக்கை. உட்கார்ந்ததும் கேட்காமலேயே ரொட்டி, வெண்ணெய், ஆலிவ் வைப்பார்கள். அது இலவசமில்லை. தொடாமல் விட்டால் பணம் கிடையாது. அது தெரியாமல் நான் ஓர் உணவகத்தில் உபசரிப்பில் உருகி எல்லாவற்றையும் காலி செய்தேன். பில்லில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி இருந்தது.

பாதுகாப்பான ஊரா?

இரவிலும் நடக்கலாம். ஜேப்படி மட்டும் உண்டு, அதுவும் கூட்டமான டிராமிலும் காட்சிமேடைகளிலும். பாஸ்போர்ட்டை அறையில் வைத்துவிட்டு நகலோடு சுற்றுங்கள். பைஷாவில் ஒருவர் பக்கத்தில் வந்து போதைப்பொருள் வேண்டுமா என்று முணுமுணுப்பார். அவரிடம் இருப்பது பெரும்பாலும் அமுக்கிய பிரிஞ்சி இலைதான். பதில் சொல்லாமல் நடங்கள்.

புனித அந்தோணியார் லிஸ்பன்காரர் என்பது உண்மையா?

உண்மை. கச்சத்தீவிலும் உவரியிலும் கொழும்பு கொச்சிக்கடையிலும் கோடி அற்புதராக வணங்கும் அந்தோணியார், பிறந்தது இங்கே. இறந்த ஊரான பதுவையின் பெயரை அவரோடு சேர்த்துச் சொன்னால் லிஸ்பன்காரர்களுக்கு முகம் சுருங்கும். பேராலயத்துக்குச் சற்றுக் கீழே அவர் பிறந்த இடத்தில் சிறு தேவாலயம் உண்டு. நிலவறைக்கு இறங்கிப் பார்க்கலாம். ஜூன் 12ஆம் தேதி இரவு ஊரே தெருவில் இருக்கும். அல்ஃபாமா முழுவதும் மத்தி மீன் சுடும் புகை. அப்போது காதலர்கள் ஒருவருக்கொருவர் சிறு தொட்டிச் செடி கொடுப்பார்கள். நம் துளசிக்குத் தங்கை முறை. அதில் மூக்கை வைத்து முகரக் கூடாது, செடி வாடிவிடுமாம். உள்ளங்கையால் தடவி, கையை முகர வேண்டும்.

தமிழுக்கும் லிஸ்பனுக்கும் வேறு தொடர்பு உண்டா?

அச்சில் வந்த முதல் தமிழ் நூல் லிஸ்பனில்தான் அச்சானது, 1554இல். கிறித்தவ மந்திரங்களைக் கற்பிக்கும் சிறு புத்தகம். அப்போது தமிழ் எழுத்து வார்ப்புகள் இல்லாததால் தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் கோத்தார்கள். அதன் பிரதி லிஸ்பனில் பாதுகாப்பாக இருக்கிறது. சுற்றுலாப் பயணிக்கு எடுத்துக் காட்டும் பொருள் அல்ல. 1732இல் தொடங்கி இப்போது ஷியாடுவில் இயங்கும் பெர்த்ராண்ட் புத்தகக்கடைக்குப் போய், அலமாரிகளுக்கு நடுவே நின்று அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

எதையெல்லாம் விட்டுவிடலாம்?

சாந்தா ஜுஸ்தா இரும்பு லிஃப்டின் வரிசையை. அதன் உச்சி கார்மு மடத்தின் பக்கவாட்டில்தான் முடிகிறது. அங்கே நடந்தே போய்விடலாம். பேரம் பேசி ஏற்றும் ஆட்டோக்களையும் விடலாம். ஆட்டோவில் உட்கார ஐரோப்பா வரை போக வேண்டுமா?

கடைசி மாலைக்கு ஒரு யோசனை?

காயிஸ் து சொட்ரேயில் எதிர்க்கரை ஊரான காசில்லியாஸுக்குப் படகு ஏறுங்கள். அதே நவெகாண்டே அட்டை, பத்து நிமிடம். வேலை முடிந்து வீடு திரும்பும் மக்களோடு போய் அக்கரையில் இறங்குங்கள்.  கரைமேல் கால் தொங்கவிட்டு உட்காரலாம். எதிரே குன்றுகளின் மேல் ஊர் முழுவதும் தெரியும். வெயில் சாயச் சாய ஒவ்வொரு ஜன்னலாகப் பற்றிக்கொள்ளும். இருட்டியதும் ஆற்றுக்காற்று குளிரும். ஒரு சால்வை எடுத்துப் போங்கள். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே பலகையில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.